அம்மைப்பால்: பாம்பன் கரையில் இசைவின் வரலாறு

நோயையும் தாயையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி நம்முடையது. பெரியம்மை கண்ட வீட்டில் அதனை நோய் என்று வாய்விட்டுச் சொல்ல நம் முன்னோர் கூசினர். 'அம்மை வார்த்திருக்கிறது', 'முத்துப் போட்டிருக்கிறது', 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்றே கூறினர். வாயிலில் வேப்பிலை செருகினர், தாளிப்பதைத் தவிர்த்தனர், வெளியூரார் வரவை மறுத்தனர், முத்து இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பினர். கொடுநோய் ஒன்றினை எதிர்ப்பதற்குரிய மொழியாக இது அமையவில்லை. வந்த விருந்தினரைச் சினமூட்டாது உபசரித்து அனுப்பும் மொழியாகவே அமைந்தது. நாட்டார் வழக்காற்றை ஆய்ந்தோர் பலரும் இதனைச் சுட்டியுள்ளனர்.

இச்சொற்களின் நடுவே 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த புதுச்சொல் 'அம்மைப்பால்'. பசுவின் மடியில் தோன்றும் கொப்புளத்தின் நீரை மனிதர் கையில் கீறிச் செலுத்தும் ஜென்னரின் முறைக்குத் தமிழர் இட்ட பெயர் இது. தாய், பால் என்னும் இரு இனிய சொற்களால் ஆகிய இத்தொடரைக் கேட்டு மக்கள் மகிழ்ந்து கைநீட்டினர் என்று எண்ணிவிடலாகாது. அம்மைப்பால் குத்துபவர் ஊருக்குள் வருகிறார் என்றால் குழந்தைகளை ஒளித்து வைத்த வீடுகள் பல. வாராத விருந்தினரை வலிந்து வீட்டுக்குள் அழைக்கும் செயலாக அது தோன்றியிருத்தல் இயல்பே.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கவிதை குறித்து எழுதாமல் ஊசி குறித்து எழுதுவானேன் என்று உறுப்பினர் சிலர் வினவக்கூடும். 2021ஆம் ஆண்டின் கோடையில் பாம்பன் தீவில் ஒரு மூதாட்டியிடம் நான் சொன்ன ஒரு பொய்யே இக்கட்டுரைக்குக் காரணம். அப்பொய்யைப் பின்னர்ச் சொல்வேன். அத்தகைய பொய்களுக்கு இந்தக் கரையில் இருநூறாண்டு மரபு உண்டு என்பதும், அம்மரபின் முன்னோடி தமிழறிந்த ஒரு பெரும்புலவர் என்பதும் முதலில் அறியத்தக்கன.

இந்திய மண்ணில் முதன்முதலாக அம்மைப்பால் குத்தப்பெற்றவள் பம்பாயில் வாழ்ந்த ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமி. நாள் 1802 ஜூன் 14. அவள் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீரே அடுத்த குழந்தைகளுக்குச் சென்றது. அவ்வாறு கைக்குக் கை மாறி அதே ஆண்டில் சென்னையையும் இலங்கையையும் அது அடைந்தது. பனிப்பெட்டி இல்லாத காலத்தில் மருந்தைச் சுமந்து சென்ற கலம் குழந்தையின் உடலே ஆகும். குத்திய எட்டாம் நாள் குழந்தையை மீண்டும் கொண்டுவருதல் வேண்டும். அதன் புண்ணைத் திறந்து பிற குழந்தைகளுக்கு நீர் எடுப்பர். தாய்மார் அஞ்சியதில் இதற்கும் பங்குண்டு. தன் குழந்தையின் புண்ணை யாரோ கீறுவதையும், யாருடைய குழந்தையின் நீரோ தன் குழந்தையின் குருதியில் கலப்பதையும் ஒரு தாய் மறுத்தாளானால் அதனை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. சாதி அச்சமும் அதில் இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. பிற நோய்கள் அவ்வழியே தொற்றக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. அவ்வச்சம் மெய்யென்று மருத்துவ உலகமே பின்னாளில் ஒப்புக்கொண்டு கன்றுகளின் தோலிலிருந்து நீர் எடுக்கும் முறைக்கு மாறிற்று.

இந்த மறுப்பை வெல்ல முயன்றவர்களுள் ஒருவரே எல்லிஸ். பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்னும் அப்பெயர் நம் உறுப்பினர்க்குப் புதிதன்று. 1810 முதல் சென்னையின் கலெக்டர். 1812இல் நிறுவப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் உயிர்நாடி. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை கண்டவர். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816இல், சான்றுடன் நிறுவியவர். அவர் அம்மைப்பாலின் பொருட்டு ஒரு கதை புனைந்தார். சக்தியும் தேவ மருத்துவனாகிய தன்வந்திரியும் உரையாடுவதாக அது அமைந்தது. பசு தரும் ஐந்து பொருள்களோடு ஆறாவதாக அதன் மடிக்கொப்புள நீரையும் உலகுக்குக் கொடையாக அளித்திருப்பதாகத் தேவியே கூறுகிறாள். பஞ்சகவ்வியத்தைப் போற்றுவோர் இந்த ஆறாவது கொடையை மறுக்கமாட்டார் என்பது அவர் கணிப்பு.

1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. பசுவின் மடியிலிருந்தோ மனிதரின் கையிலிருந்தோ கொப்புள நீரை ஊசிமுனையில் எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் இடையே குருதி தோன்றக் குத்தும் முறை, தன்வந்திரி இயற்றிய ஒரு பழைய வடமொழி நூலிலேயே உள்ளது என்று அக்கடிதம் சாதித்தது. கீழே கையொப்பம் 'கல்வி விரும்பன்'. புனைபெயரின் அழகைக் கவிஞர்கள் கவனிப்பார்களாக. இக்கடிதத்தின் பொய்ம்மையை 1987இல் டொமினிக் வுஜாஸ்டிக் விரிவாக ஆராய்ந்தார். 2006இல் வெளியான தம் நூலில் தாமஸ் டிரவுட்மன் எல்லிசின் பணிகளை முழுமையாக எடுத்துரைத்தார். அந்தக் கல்வி விரும்பன் எல்லிசாகவே இருத்தல் கூடும் என்பது ஆய்வாளர் துணிபு.

இதில் ஒரு முரண் உண்டு. வேதங்களுள் ஒன்றெனச் சொல்லி ஐரோப்பாவில் உலவவிடப்பட்டு, வால்டேரையே மயக்கிய 'எசூர் வேதம்' என்னும் நூல் பாதிரிமார் புனைந்த போலி என்று நிறுவியவரும் இதே எல்லிஸ்தான். அவ்வாய்வு அவர் மறைந்தபின் 1822இல் அச்சேறிற்று. பிறர் நன்னோக்கத்தோடு செய்த போலியை வெளிப்படுத்திய கை, தானும் நன்னோக்கத்தோடு ஒரு போலியைச் செய்தது. எல்லிசின்பால் எனக்குள்ள மதிப்பு இதனால் குன்றவில்லை. அவருடைய பிழையை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன். மறுத்த தாய் எழுப்பிய வினா என் குழந்தையின் புண்ணைத் திறப்பது ஏன் என்பது. எல்லிஸ் விடையிறுத்ததோ பசு புனிதமா என்னும் வினாவுக்கு. கேளாத வினாவுக்கு விடையளிக்கும் இப்பழக்கம் படித்தவர்களாகிய நம்மிடம் இன்றும் உண்டு.

அப்பொய் பின்னர் ஒரு நூற்றாண்டு உயிர்வாழ்ந்தது. தடுப்பூசி பண்டை இந்தியாவின் கண்டுபிடிப்பே என்பதற்குச் சான்றாக நூலுக்கு நூல் அது எடுத்தாளப்பட்டது. அம்மைப்பால் தயாரிப்பதற்கெனக் கிண்டியில் எழுந்த கிங் நிலையத்தை 1905இல் திறந்துவைத்த சென்னை ஆளுநர் ஆம்ப்தில் பிரபுவும் தம் உரையில் அதனையே எடுத்துக்காட்டினார். தாய்மாரை இணங்கச் செய்யப் பிறந்த கதை நம் பெருமைக்குச் சான்றாக நிலைத்தது. அதே கிங் நிலையத்தில்தான் 2020இல் தமிழ்நாட்டின் கொரோனா மாதிரிகள் சோதிக்கப்பட்டன என்பதையும் இடையே குறித்துவைக்கிறேன்.

1817இல் வங்கத்தில் தொடங்கிய வாந்திபேதிக் கொள்ளைநோய் 1818இல் சென்னை மாகாணத்தில் பரவிற்று. அதற்கடுத்த ஆண்டு, கல்வி விரும்பனின் கடிதம் வெளிவந்த இரண்டு மாதங்களில், எல்லிஸ் மறைந்தார். மறைந்த ஊர் நம் இராமநாதபுரம்.

இனி அவ்வூரிலிருந்து கிழக்கே கடற்கரைக்கு வருவோம். எல்லிசின் கதையில் ஏமாற்றேனும் ஒரு வகை மரியாதையை உடையது. இணங்கவைக்கப்பட வேண்டியவர் என்றாவது அது மக்களைக் கருதிற்று. மண்டபத்தில் அதுவும் இல்லை.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சென்ற வழிகளுள் பாம்பன் வழி பழையது. பாய்மரத் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் வழியிலேயே பலியானவர் மிகப் பலர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் பயணச்சீட்டு வாங்கினால் கொழும்பு வரை செல்லலாம் என்ற நிலை வந்தது. நோயும் அதே சீட்டில் செல்லும் என்று இலங்கை அரசு அஞ்சியது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. எனவே மண்டபத்தில், இந்திய மண்ணில், இலங்கை அரசின் பொறுப்பிலேயே ஒரு தடுப்பு முகாம் நடந்தது. 'மண்டபம் கேம்ப்' என்று இரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் நிலைத்திருப்பது அதுவே.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய குடும்பங்கள் இங்கு இறக்கப்பட்டன. துணிகள் நீராவியில் இடப்பட்டன. அனைவரும் குளிப்பாட்டப்பட்டனர்; அனைவருக்கும் அம்மைப்பால் குத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் வேலிக்குள் இருந்தபின் நோய்க்குறி இல்லாதவர் தனுஷ்கோடி செல்லலாம். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்கள் இவ்வேலிக்குள் அடைக்கப்படவில்லை. மருத்துவர் கண்காணிப்பு என்ற ஏற்பாட்டுடன் அவர்கள் நேரே கப்பல் ஏறினர். கிருமி வகுப்பறியாது. வேலியை நட்டவர்கள் அறிந்திருந்தனர்.

இங்கே ஒரு சொல்லைக் கருதுக. தோட்டத் தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டு அவருடன் சென்றது. அவர் பட்ட கடனை எழுதிய சீட்டுக்கும் 'துண்டு' என்றே பெயர். கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவரை விடுவிக்கும் அத்துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. கையில் தகரத் துண்டும் கணக்கில் கடன் துண்டும் கொண்டு, சொந்த ஊருக்குத் திரும்பப் பயணச் செலவு இன்றி நிற்கும் ஒருவரிடம் 'உனக்கு இசைவா' என்று கேட்டாலும் அவ்வினாவுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? அம்மை குத்தாவிட்டால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையேல் கூலி இல்லை. கடன் மட்டும் உண்டு.

என் அப்பத்தாவின் இடக்கையில் நான்கணா அகலத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. இந்தியத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு 1939 ஆகஸ்டில் தடைசெய்வதற்குச் சில ஆண்டுகள் முன், ஏழெட்டு வயதுச் சிறுமியாக அவர் இம்முகாமைக் கடந்தவர். பற்கள் கொண்ட வட்டமான கருவியைத் தோலில் அழுத்தித் திருகிக் குத்துவார்களாம். வலியைக் காட்டிலும் அவர் நினைவில் நின்றது ஓர் உரையாடல். "எதுக்கு எம்பிள்ளையக் குத்துறீக?" என்று அவருடைய தாய் கேட்டாராம். அம்மை வராமல் இருக்க என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கங்காணி சொன்ன விடை: "குத்துனாத்தான் கப்பல்."

அத்தழும்பு அவரைக் காத்தது. இதனை ஐயமின்றிச் சொல்ல வேண்டும். பெரியம்மை கண்டவர் பத்துப் பேரில் மூவர் அளவில் மாண்டனர். பிழைத்தவருள் பலர் கண்ணிழந்தனர். குத்தப்பெற்ற கைகளின் தொகையாலேயே அந்நோய் உலகை விட்டு அகன்றது. 1980 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் அதனை முறையாக அறிவித்தது. எனினும், நன்மை செய்த ஒன்று என்பதாலேயே அது செய்யப்பட்ட முறை நன்றாகிவிடுமா என்னும் வினா எஞ்சுகிறது.

அவ்வினாவை ஆங்கிலேயர் தம் நாட்டில் கேட்டனர், விடையும் கண்டனர். இங்கிலாந்தில் கட்டாய அம்மைக்குத்துக்கு எதிராக எழுந்த பெருங்கிளர்ச்சியின் பயனாக 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இடம்பெற்றது. மனச்சான்றின் பேரில் மறுக்கும் பெற்றோர் நீதிபதியிடம் அதனை மெய்ப்பித்துச் சான்று பெற்றால் அவர் குழந்தைக்குக் குத்தவேண்டியதில்லை. மனச்சான்றின் பேரில் மறுப்போர் என்ற தொடரே, போருக்குச் செல்ல மறுத்தவர்களைக் குறிப்பதற்கு முன்பு, ஊசியை மறுத்தவர்களால்தான் ஆங்கிலத்தில் பரவலாயிற்று. அதே பேரரசின் கொடி பறந்த மண்டபத்தில் மனச்சான்று உடையவராக எவரும் எண்ணப்படவில்லை. 1880ஆம் ஆண்டின் இந்தியத் தடுப்பூசிச் சட்டமும் அதனை எண்ணவில்லை.

எண்ணிய ஒருவர் காந்தியடிகள். அவர் அம்மைப்பாலை வன்மையாக எதிர்த்தார். பசுவைத் துன்புறுத்தி எடுக்கும் அசுத்தப் பொருள் அது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. பசுவின் கொடை என்று எல்லிஸ் புனைந்ததற்கு நூறாண்டுக்குப் பின் அதே பசுவின் பெயரால் எழுந்த மறுப்பு இது. 1930இல் சபர்மதி ஆசிரமத்தில் அம்மை புகுந்து குழந்தைகள் சிலர் மாண்டனர். காந்தியடிகள் பெரிதும் வருந்தினார். தம் கருத்தை மாற்றவில்லை. ஆயினும் ஆசிரமத்துப் பெற்றோர் குத்திக்கொள்வதைத் தடுக்கவும் இல்லை. அவர் கருத்து மருத்துவ அடிப்படையில் பிழையானது என்றே நான் கொள்கிறேன். பெற்றோர் மறுத்தால் மாள்வது குழந்தை. மனச்சான்று ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது. இந்த இடத்தில் காந்தியடிகளை என்னால் பின்தொடர முடியவில்லை.

விடுதலைக்குப் பின்னரும் வன்முறை முற்றிலும் நீங்கிற்று எனல் இயலாது. தென்னாட்டில் நிலைமை சற்று வேறு. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் போன்றோர் நோய் கண்ட வீட்டைத் தேடிச் சென்று சுற்றியுள்ளோரைக் காக்கும் முறையைச் செம்மையாக்கினர். ஆனால் ஒழிப்பின் இறுதிக் கட்டமான 1973-75இல் பீகாரில் கதவை உடைத்துப் புகுந்து குத்திய நிகழ்ச்சிகள் உண்டு. அப்பணியில் இருந்த அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் பிரில்லியண்ட் ஒன்றினை மறைக்காது பதிவு செய்துள்ளார். சிங்பூம் பகுதியில் ஹோ பழங்குடித் தலைவர் ஒருவரின் வீட்டில் இரவில் மூங்கிற் கதவைத் தகர்த்து நுழைந்தனர். அவரும் குடும்பத்தாரும் இயன்றவரை போராடினர். அனைவருக்கும் வலிந்து குத்தப்பட்டது. எல்லாம் முடிந்தபின் அம்மனிதர் தம் தோட்டத்து வெள்ளரிக்காயைப் பறித்து வந்து வந்தவர்களிடம் நீட்டினார். இறைவன் விருப்பத்துக்குப் பணிவது தம் அறம். எதிர்த்துநின்று அவ்வறத்தைத் தாம் காத்துக்கொண்டதாகவும், சண்டை முடிந்தபின் வந்தவர்கள் விருந்தினரே என்றும் அவர் விளக்கினார். அந்த இரவில் அவரே உயர்ந்து நின்றார் என்றுதான் எனக்குப் படுகிறது. அவருடைய பேரக்குழந்தைகள் இன்று அம்மையின்றி வாழ்வதும் அந்த இரவின் பயன் என்பதையும் மறுக்க இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொண்டுதான் 2021ஆம் ஆண்டை நான் எண்ணிப் பார்க்கிறேன்.

2021 ஜனவரி 16இல் இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கிற்று. ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் மக்களுக்கு ஊக்கமூட்டச் சென்னை அரசு மருத்துவமனையில் ஊசி செலுத்திக்கொண்டார். 17இல் மாரடைப்பால் மறைந்தார். மரணத்துக்கு ஊசி காரணமன்று என வல்லுநர் குழு முடிவு கூறியபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் பாம்பனில் அச்செய்திக்கு இருந்த வலிமை எந்த விளம்பரத்துக்கும் இல்லை. மற்றொரு புறம், மே மாதத்தில் சென்னையில் ரெம்டெசிவிர் மருந்துக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் கிடந்தனர்; உயிர் காக்கும் என்று உறுதிப்படாத மருந்துக்கு அத்தனை ஏக்கம், காக்கும் என்று தெரிந்த ஊசிக்கு அத்தனை தயக்கம். கேட்டுப் பெறுவதில் ஒரு நம்பிக்கை உண்டு. வீடு தேடி வந்து கொடுப்பதில் ஐயம் உண்டு. நம் மக்களுக்கு அரசு தானாக வீடு தேடி வந்த அனுபவம் அதிகம் இல்லை.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என்னும் முறையில் மாணவியருடன் சின்னப்பாலம் பகுதியில் வீடு வீடாகச் சென்றேன். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் வாழும் பகுதி அது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து இவர்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தே அகர் எடுக்கப்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை வளர்த்துச் சோதிக்கும் தட்டுகளில் இருப்பது அந்த அகர்தான். மருத்துவத்துக்கு நெடுங்காலமாகக் கொடுத்தே வந்த கைகள் அவை. அவற்றுள் ஒரு கைக்கு உரியவர், எழுபதைக் கடந்த மூதாட்டி, ஊசி வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. மாலையாகிவிட்டது, அன்றைய எண்ணிக்கை குறைவாக இருந்தது. "ஊசி போடாதவுகளுக்கு ரேஷன் அரிசி நிப்பாட்டப் போறாங்களாம் பாட்டியம்மா" என்றேன். அப்படி ஓர் ஆணை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உடன் வந்தார்.

இரண்டாம் தவணைக்கு 84 நாள் இடைவெளி. மீண்டும் சென்றபோது திண்ணையில் இருந்தபடியே அவர் சொன்னார்: "ரேசன் கடைத் தம்பிக்கிட்ட அன்னிக்கே கேட்டுட்டேன் டீச்சர். அப்படி ஒண்ணுமில்லேன்னுச்சு." அவர் குரலில் சினம் இல்லை. என் மாணவியர் உடன் இருந்தனர். அவர்கள் முன் நான் நின்ற நிலையை விரிக்கப்போவதில்லை. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, ஊசி பற்றி எனக்குத் தெரிந்ததைத் தரையில் அமர்ந்து சொன்னேன். அவர் இரண்டு வினாக்கள் கேட்டார். ஊசி போட்டும் செத்தவர்கள் உண்டா என்பது ஒன்று. உண்டு, ஆனால் போடாதவரைவிட மிகக் குறைவு என்றேன். ஊசிக் காய்ச்சலில் இரண்டு நாள் மருமகள் கடலுக்குப் போகாமல் கிடந்தாளே, அந்தக் கூலியை யார் தருவார்கள் என்பது மற்றொன்று. இதற்கு என்னிடம் விடை இல்லை, அரசிடமும் இல்லை. பாசி எடுக்கும் நாள்களோ கடலும் காற்றும் இசையும் சில நாள்கள்தாம். முதல்நாளே இவ்வினாவைக் கேட்டிருந்தேனானால் அவர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எல்லிசைப் போலவே நானும், அவர் மனத்தில் இருந்த வினாவைக் கேளாமல், என் மனத்தில் இருந்த மூதாட்டிக்கு விடை கூறினேன். அன்று அவர் எங்களுடன் வரவில்லை.

அவ்வாண்டு நவம்பரில், பொது இடங்களுக்குச் செல்வோர் ஊசி செலுத்தியிருத்தல் வேண்டும் எனத் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அறிவித்தது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு அடிப்படை. நான் பொய்யாகச் சொன்னதற்கு நெருங்கிய ஒன்றை அரசு மெய்யாகவே சொல்லிவிட்டது. இத்தகைய ஆணைகளை எதிர்த்துக் குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி செலுத்தலாகாது. உடலின் மீதான உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும். எனினும் சமுதாய நலன் கருதி அளவுக்குட்பட்ட கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம். அப்போதைய நிலையில் ஊசி செலுத்தாதவரை விலக்கிவைப்பது தகுந்த அளவினதன்று. ஊசியின் பின்விளைவுகள் பற்றிய தரவுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தீர்ப்பின் சாரம் இது. 1898இல் ஆங்கிலேயர் தமக்கு அளித்துக்கொண்டதைவிட இது ஒருவகையில் விரிவானது; மனச்சான்றை நீதிபதியிடம் மெய்ப்பிக்கும் தேவை இதில் இல்லை. நாள் கூலி பற்றிய மூதாட்டியின் வினா மட்டும் எந்த நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்படவில்லை.

மண்டபம் முகாம் பின்னும் ஓயவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியோர் இவ்வழியே வந்தனர். 1970களில் அப்பத்தா இரண்டாம் முறையாக அதனைக் கண்டார், இம்முறை எதிர்த்திசையில். 1983க்குப் பின் போருக்கு அஞ்சியோர் வந்தனர். 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியோரும் இங்கேயே வைக்கப்பட்டனர்.

நம் வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். முகாம் பற்றிய அரசு அறிக்கைகள் கொழும்பிலும் இலண்டனிலும் பேணப்படுகின்றன; அவற்றில் எத்தனை பேருக்குக் குத்தப்பட்டது என்ற எண்ணிக்கை இருக்கும். குத்தப்பட்டவர் என்ன சொன்னார் என்பது இராது. 1939க்கு முன் சிறுவராய் அவ்வேலியைக் கடந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களும் தொண்ணூறை அணுகியோ கடந்தோ இருப்பர். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைச் சிற்றூர்களில் அத்தகையோரின் மக்களும் பேரரும் உள்ளனர். தம் வீட்டு முதியோர் மண்டபத்தை என்ன பெயரிட்டு அழைத்தனர், அம்மை குத்தியதை எச்சொல்லால் குறித்தனர், வேலிக்குள் இருந்த நாள்களில் பாடிய தாலாட்டோ ஒப்பாரியோ நினைவில் உண்டா என்பவற்றை உறுப்பினர்கள் கேட்டு எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ செயலரிடம் ஒப்படைத்தால், அடுத்த மலருக்குள் அவற்றைப் பகுத்து நிரல்படுத்தித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். அப்பத்தாவிடம் இவற்றுள் பாதியைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.